வரத்துக்காலில் ஒரு சாண் வாய்

மெதுவாகப் பேசுங்கள் தம்பி. முன்னால், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், வெள்ளைத் தொப்பி போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். அப்படிப் பார்க்காதீர்கள், பார்த்தது தெரியாமல் பாருங்கள். அவர்தான் என் மச்சான், அம்சா முகம்மது. என் லாத்தாவைக் கட்டியவர். லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா. அவர் காதில் விழ வேண்டாம் என்றுதான் மெதுவாகச் சொல்கிறேன். விழுந்தாலும் ஒன்றுமில்லை. நான் பொய் எதுவும் சொல்லப் போவதில்லை.

கடலையா? வேண்டாம் தம்பி, நீங்கள் சாப்பிடுங்கள். நான் நோன்பு. ரமலான் இல்லை, அது எப்போதோ முடிந்தது. இது மழைக்கு. ஐப்பசி முடியப் போகிறது, எங்கள் நெய்னாவலசையில் ஒரு தூறல் இல்லை. ஊருணியில் மாடு நடந்த தடம் அப்படியே காய்ந்து கிடக்கிறது. கிணறு வெட்டினால் உவர்த் தண்ணீர். குடிக்க ஊருணியை விட்டால் லாரித் தண்ணீர்தான். லாரி வருகிற நாளில் எங்கள் தெருவில் நடக்கிற சண்டையை நீங்கள் கேட்கக்கூடாது. அதனால் ஜமாஅத்தில் முடிவு செய்து மழைத் தொழுகை வைத்திருக்கிறார்கள். இன்றைக்குத்தான். பத்து மணிக்கு, ஊருக்கு வெளியே திடலில்.

நீங்கள் கேட்பது சரிதான். திடலில் நிற்க வேண்டியவன் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏன் உட்கார்ந்திருக்கிறான்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மழைத் தொழுகை என்றால் சும்மா போய் நின்று கை ஏந்திவிட்டு வருவது இல்லை. மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும். நாலாவது நாளும் நோன்போடுதான் போக வேண்டும். நல்ல சட்டை போடக்கூடாது, அத்தர் பூசக்கூடாது. பழைய துணியோடு, ஒன்றுமில்லாதவன் மாதிரி போக வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், ஆட்டைக்கூட ஓட்டிப் போகலாம், அதுகளும் தாகத்தில்தானே இருக்கின்றன. தொழுது முடித்துத் தோள்துண்டைத் திருப்பிப் போடுவோம். யா அல்லாஹ், நிலைமையை இப்படி மாற்றிப் போடு என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குக் கஷ்டமில்லை. இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. ஊரில் யாருக்கும் யாரோடும் பகை இருக்கக்கூடாது. இருந்தால் தீர்த்துக்கொண்டுதான் வரிசையில் நிற்க வேண்டும். மனசில் பகையோடு நின்றால் கேட்பது மேலே போகாது என்பார்கள்.

எனக்கு அவர் மேல் பகை இல்லை தம்பி. பேச்சுத்தான் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஊரில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஹஜ்ரத் பயான் செய்தார். ஹஜ்ரத் என்றால் எங்கள் இமாம், பயான் என்றால் பிரசங்கம். வயது குறைவு, தொண்டை பெரிது. மழையைப் பற்றித்தான் முழுக்கப் பேசினார். குர்ஆனில் மழையைப் பற்றி எத்தனை இடத்தில் வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் காற்றை நல்ல செய்தி சொல்ல அனுப்புகிறானாம், கல்யாண வீட்டுக்கு முன்னால் ஆள் அனுப்புகிற மாதிரி. அப்புறம் மேகத்தை ஓட்டிக்கொண்டு செத்துக் கிடக்கிற ஊருக்குக் கொண்டுவருகிறான். அந்த மண் உயிரோடு எழுந்திருக்கிறது. "நாளைக்கு நம்மளையும் மண்ணுலேருந்து இப்படித்தான் எழுப்புவான், சந்தேகம் இருந்தா மழை பெஞ்ச மறுநாள் உங்க தோட்டத்தைப் போய்ப் பாருங்க" என்றார். அதைக் கேட்டு எனக்கே கண் கலங்கியது. போன வருஷம் அடக்கம் செய்த லாத்தா நினைவு வந்தது.

பிறகு கடலைச் சொன்னார். "நம்ம ஊர்லேருந்து கூப்பிடு தூரம் கடல். அதுல ஒரு மடக்கு வாயில வைக்க முடியுமா? அதே தண்ணியைத்தான் வெயிலைக் கொண்டு மேலே தூக்குறான். உப்பைக் கீழேயே விட்டுடுறான். ஒரு கல் உப்பு மேலே போகுதா? இந்த வடிகட்டுற வேலையை எந்தக் கம்பெனிக்காரன் செய்வான், அதுவும் சும்மா? அவன் நினைச்சிருந்தா மழையையும் கரிப்பாவே இறக்கியிருக்கலாம். இறக்கல. இதுக்கு நன்றி சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். ஊரே அழுதது. எங்கள் ஊரில் கரிப்பு என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது. இறைவன் வானத்திலிருந்து தண்ணீரை அளவோடு இறக்குகிறான் என்று. அளவோடு! கவனித்தீர்களா? நான் பக்கத்தில் இருந்தவரை ஒரு இடி இடித்தேன். கேட்டுக்கொள்ளுங்கள் என்று. இதைத்தானே நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? அளந்து கொடுக்கிறவன் அவன். அப்படியென்றால் வாங்குகிறவனுக்கும் அளவு வேண்டாமா?

ஹஜ்ரத் கடைசியில் இன்னொன்றும் சொன்னார். "மேலே போற வழியை அவன் பார்த்துக்கறான், இறங்குற வழியையும் அவனே பார்த்துக்கறான். இறங்கின பிறகு ஓடுற வழிதான் நம்ம பொறுப்பு. அதை நாம அடைச்சு வெச்சுக்கிட்டு மேலே கையை நீட்டுறதுல என்ன இருக்கு?" என்றார். யாரை நினைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை. ஊரில் சாக்கடையைக்கூடச் சிலர் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இருங்கள், கண்டக்டர் வருகிறார்.

கேட்டீர்களா அவர் பேச்சை? "என்ன பாய், ரெண்டு பேரும் நெய்னாவலசை, ரெண்டு பேரும் ராம்நாடு. ஒரே சீட்டுல உக்காந்து பேசிக்கிட்டு வரலாம்ல?" எனக்கு இந்த இடமே போதும் என்றேன். "அவரும் இதையேதான் சொன்னாரு" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். சிரிப்புக்கு நான் பழகிவிட்டேன்.

சிரிப்பில்தான் எல்லாம் தொடங்கியது தம்பி. கல்லில் இல்லை.

எங்கள் ஊருணிக்கு மழைத் தண்ணீர் காட்டுப் பக்கமிருந்து ஒரு வரத்துக்கால் வழியாக வருகிறது. பெரிய வாய்க்கால் ஒன்றுமில்லை, ஓர் ஆள் தாண்டிவிடலாம். வருகிற வழியில் இந்தக் கரையில் என் தென்னந்தோப்பு, அந்தக் கரையில் கொஞ்சம் கீழே தள்ளி மச்சான் தோப்பு. இரண்டு தோப்பும் கொஞ்சம் குடிக்கும், மிச்சம் ஊருணிக்குப் போகும். என் வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மூன்று வருஷத்துக்கு முந்தி நல்ல மழை பெய்தது. அந்த நேரம் பார்த்து நான் மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தேன். திரும்பி வந்து பார்க்கிறேன், அவர் தோப்பில் ஒவ்வொரு தென்னைக்கும் தண்ணீர் தளும்பி நிற்கிறது. என் தென்னங்குழி எல்லாம் ஈரம் மட்டும். கேட்டுவிட்டேன். "என்ன மச்சான் இது?" என்றுதான் கேட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. "தண்ணி பள்ளத்தைப் பார்த்துப் போச்சு மாப்ளே, நான் ஒண்ணும் வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடல" என்றார்.

சரி, பள்ளத்தைப் பார்த்துப் போகிற தண்ணீருக்கு ஓர் அளவு வைத்துவிடுவோம் என்று, மழை விட்டதும் நானே குனிந்து கல் வைத்தேன். வரத்துக்காலுக்குக் குறுக்கே, கருங்கல், சிமெண்டுப் பூச்சோடு. நடுவில் ஒரு சாண் வாய் விட்டேன். விடாமல் இல்லை. என் கையால் அளந்து ஒரு சாண். கல்லில் தண்ணீர் மோதி நிற்கும்போது என் தோப்பு குடித்துக்கொள்ளும், அந்த ஒரு சாணில் போகிறது அவருக்கும் ஊருணிக்கும். இதில் என்ன தப்பு? அடுத்த வருஷம் மழை பெய்தது. ஊருணி நிறையவில்லை. மழை குறைவு. என் தோப்பில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, அது வேறு விஷயம், என் தோப்பு தாழ்ந்த தோப்பு.

அந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் பள்ளிவாசல் முற்றத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கிறோம். நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. தொழுகையில்கூடக் கடைசி வரிசைதான் எனக்கு வசதி. படிப்பும் ஐந்தாவதோடு சரி. யாரோ கல்லைப் பற்றி மச்சானிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்து, அவ்வளவு பேருக்கு நடுவில், "ஏம்ப்பா சீனி உசேன், அல்லாஹ் அளந்து கொடுத்ததை நீ சாண் போட்டு மறுபடி அளக்கிறியாமே? அவன் கணக்குல எத்தனை குறையுது?" என்றார்.

சிரித்தார்கள் தம்பி. முற்றம் முழுக்க. சின்னப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். எனக்கு ஒரு செருப்புதான் கிடைத்தது, இன்னொன்றைத் தேடக்கூட நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு விட்டது பேச்சு.

முழுக்க விடவில்லை. லாத்தா இருந்தவரைக்கும் அவள் வாய் வழியாகப் பேச்சு நடந்தது. நான் அவள் வீட்டுத் திண்டில் போய் உட்கார்ந்து, "லாத்தா, அவரைச் சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லு" என்பேன். அவர் அதே திண்டில் உட்கார்ந்துகொண்டு, "ருக்கியா, உன் தம்பியை அவன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடச் சொல்லு" என்பார். லாத்தா நடுவில் நின்று, "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல? எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று போய்விடுவாள். போன வருஷம் அவள் மௌத்தாகிவிட்டாள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் வலது தோள் அவர், இடது தோள் நான். கபர்ஸ்தான் வரை ஒரே நடையாகத்தான் நடந்தோம். பேசவில்லை. யார் வழியாகப் பேசுவது?

தம்பி, ஒரு சின்ன உதவி. அவர் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார், எதிர்காற்று நேராக நெஞ்சில் அடிக்கிறது. அவருக்கு ஆகாது, இருமல் பிடித்தால் ஒரு மாதம் விடாது. போய் மூடச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வேண்டாம்.

என்ன சொன்னார்? "நோன்பாளிக்குக் காத்துதான் சாப்பாடு" என்றா? அப்படித்தான் பேசுவார். மூடினாரா? பாதி மூடினாரா. சரி, பாதி போதும்.

நோன்பாளி என்றா சொன்னார்? இன்றைக்கும் நோன்போடுதான் இருக்கிறாரா? அப்படியானால்... இருங்கள். அவர் சட்டையைப் பார்த்தீர்களா? காலர் கிழிந்த சட்டை. மச்சான் வெளியூருக்கு அப்படிப் போகிறவர் இல்லை, ரேஷன் கடைக்கே இஸ்திரி போட்டுப் போவார். திடலுக்குப் போவதற்கென்று உடுத்திய துணி அது. உடுத்திக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். என்னுடையதும் அதே கதைதான், இந்தத் துண்டைப் பாருங்கள்.

பயான் முடிந்த அன்றிலிருந்து மூன்று நாளும் என் வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தது. ஜமாஅத் தலைவர் வந்தார், அவர் தம்பி வந்தார், மீன்காரர்கூட வந்தார். "உங்களாலேதான் மழை நிக்குது" என்று ஒருவர் மூஞ்சிக்கு நேராகவே சொன்னார். மூன்றாம் நாள் ஹஜ்ரத்தே வந்தார். நோன்புக் களைப்பு, முகம் வாடியிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "பெரியவரே, ஒரு சலாம் சொல்லிடுங்க, போதும்" என்றார்.

"பகை இல்லை ஹஜ்ரத், பேச்சுத்தான் இல்லை" என்றேன்.

"பேச்சு இல்லாத இடத்துல பகை இல்லேன்னு எந்தக் கணக்குல சொல்றீங்க?"

எனக்குப் பதில் இருந்தது, ஆனால் பெரிய மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்தக் கல்லு?" என்றார்.

"ஒரு சாண் வாய் விட்டிருக்கேன் ஹஜ்ரத். வேணும்னா வந்து அளந்து பாருங்க."

அவர் எழுந்து போய்விட்டார். கோபமாகப் போகவில்லை. சோர்ந்து போனார். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன். என்னால் மச்சானிடம் போய்ப் பேச முடியாது. முற்றத்தில் சிரித்த அத்தனை பேர் பார்க்க நான் போய்ச் சலாம் சொல்வதா? ஆனால் என்னால் ஊருக்கு மழை நிற்கிறது என்று இருக்கவும் கூடாது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. பகை என்றால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் ஊரில் இல்லாவிட்டால் பகையும் ஊரில் இல்லை. நான் இல்லாத வரிசை சுத்தமான வரிசை. கணக்கு சரிதானே? மகள் ராமநாதபுரத்தில் இருக்கிறாள், போய் இருந்துவிட்டு மழை பெய்ததும் வரலாம் என்று பையை எடுத்தேன். என் வீட்டுக்காரி செய்னம்பு வாசலில் நின்று, "மழைக்குத் துஆ கேக்குற அன்னைக்கு ஊரை விட்டு ஓடுற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், நான் ஊருக்காகப் போகிறேன் என்று?

பஸ்ஸில் ஏறிப் பார்க்கிறேன், மூன்றாவது சீட்டில் இவர்!

அதாவது அவரும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார். நான் வரிசையில் நிற்பேன், தாம் விலகிவிட்டால் ஊர் சுத்தமாகும் என்று. ஒருவர் விலகினால் போதும் தம்பி. இரண்டு பேரும் விலகினால் அது வீண் செலவு.

இதோ விலக்கு ரோடு வந்துவிட்டது. இங்கே பத்து நிமிஷம் நிற்கும். நீங்கள் டீ குடித்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.

அவரும் இறங்குகிறார். டீக்கடைப் பக்கம் போகவில்லை, பார்த்தீர்களா? ரோட்டைக் கடக்கிறார். பார்த்துப் போகக் கூடாதா, லாரி வருகிறது... போய்விட்டார். எதிர்ப்பக்கம் எதற்கு? அந்தப் பக்கம் நம் ஊருக்குத் திரும்புகிற பஸ் அல்லவா நிற்கும்? தம்பி, டீ அப்புறம். ஓர் எட்டுப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். எங்கே போகிறார் என்று மட்டும். வேறொன்றும் கேட்க வேண்டாம்.

வந்துவிட்டீர்களா. என்ன சொன்னார்?

திரும்பவும் சொல்லுங்கள்.

"அவன்தான் ஊர்ல இல்லையே, தொழுகைக்கு முன்னாலே போய் அந்தக் கல்லை எடுத்துப் போட்டுடறேன், பெய்யற மழை ஊருணிக்காவது போகட்டும்." இப்படியே சொன்னாரா? அந்தக் கல்லை என்றா சொன்னார்? எந்தக் கல்லை? என் கல்லையா?

நான் வைத்த கல்லை அவர் எடுப்பாரா! ஒரு வார்த்தை கேட்காமல்! பத்து மணிக்கு ஊரே திடலுக்கு அந்த வழியாகத்தான் போகும். பார்ப்பார்கள். சீனி உசேன் அடைத்தான், அம்சா திறந்தார் என்று சொல்வார்கள். மழை பெய்தால் காலத்துக்கும் சொல்வார்கள். அவன் மகள் வீட்டுக்கு ஒளிந்து ஓடினான், இவர் பாதி வழியில் திரும்பி வந்து ஊருக்குத் தண்ணீர் விட்டார் என்று. முடியாது தம்பி. வைத்தவன் எவனோ அவன்தான் எடுக்க வேண்டும். அதுதான் முறை. என் கல், என் சிமெண்டு.

என் பையை எடுங்கள். அந்த மேலே இருக்கிற பை. கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள், நான் வரவில்லை என்று. டிக்கெட் போனால் போகட்டும்.

அதுவுமில்லாமல் அவர் எதைக் கொண்டு எடுப்பார்? எழுபது தாண்டிய ஆள், மூன்று நாள் நோன்பு, வெறும் கையால் கருங்கல்லைப் பிடுங்குவாரா? அவர் வீட்டில் கடப்பாரை கிடையாது. இருந்த கடப்பாரையை லாத்தாதான் என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள், ஏதோ குழி தோண்ட. திருப்பிக் கொண்டுபோகிறதற்குள் அவள் போய்விட்டாள். அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இப்போதும் கேட்க மாட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே விழுவாரே தவிர என் வாசலுக்கு வந்து கேட்க மாட்டார். அவரை எனக்குத் தெரியும்.

பஸ் வருகிறது, அதோ. ஒரே பஸ்தான், வேறு வழியில்லை. நான் பின்வாசலில் ஏறிக்கொள்வேன்.

இல்லை தம்பி, பேச மாட்டேன். எதற்குப் பேச வேண்டும்? வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வரத்துக்காலுக்குப் போவேன். அவர் அங்கே நிற்பார். நான் நெம்புவேன். ஆனால் அந்தக் கல் லேசான கல் இல்லை, வைத்த எனக்குத் தெரியும். ஒருவன் நெம்பும்போது மறுபக்கம் ஒருவன் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் புரண்டு காலில் விழும். 'பிடி' என்று யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதை அவர் சொல்லட்டும்.